விரியன் நஞ்சு சிறுநீரகத்தின் எந்தச் செல்லைத் தாக்குகிறது?

கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, கடிவாயின் வீக்கம் வடியத் தொடங்கும் நாட்களில் சிறுநீர் குறைகிறது. அதற்குள் ரத்தம் மீண்டும் உறையத் தொடங்கியிருக்கும். ரத்த அழுத்தம் நிலைக்கு வந்திருக்கும். விஷமுறிவு மருந்தும் முழு அளவில் ஏற்றப்பட்டிருக்கும். இருந்தும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகும், டயாலிசிஸ் தேவைப்படும். இந்தியாவில் விரியன் இனப் பாம்புகள் கடித்தவர்களில் 13 முதல் 32 விழுக்காட்டினர் வரை திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாவதாக மருத்துவ இலக்கியம் பரவலாகக் குறிப்பிடுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. அது இறப்புகளின் கணக்கு மட்டுமே. பழுதான சிறுநீரகத்தோடு பிழைத்திருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள்.

இந்தச் சேதம் எப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. நஞ்சு சிறுநீரகச் செல்லைத் தானே தொட்டுக் கொல்கிறதா? அல்லது ரத்தத்திலும் தசையிலும் ரத்தக்குழாய்களிலும் அது செய்யும் நாசத்தின் பின்விளைவாகச் சிறுநீரகம் சாகிறதா? விடைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வலுவான சான்றுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஓட்டைகளும் இருக்கின்றன. விஷமுறிவு மருந்து ஏன் சிலருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதில்லை என்பதற்கான விளக்கமும் இதற்குள்தான் இருக்கிறது.

இலக்காக அமைந்துவிட்ட உறுப்பு

உடல் எடையில் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்குப் போகிறது. ரத்தத்தில் கலந்த எந்தப் பொருளும் சில நிமிடங்களுக்குள் பல தடவை அங்கே சென்று வந்துவிடும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சுகின்றன.

வடிப்பது குளோமெருலஸ் எனும் தந்துகிமுடிச்சு. அதன் சுவரில் மூன்று அடுக்குகள்: ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எண்டோதீலியச் செல்கள், நடுவே கொலாஜனும் லாமினினும் பின்னிய அடித்தளச் சவ்வு, வெளியே கால் விரித்துப் பற்றியிருக்கும் போடோசைட்டுகள். முடிச்சைத் தாங்கி நிற்பவை மெசாஞ்சியல் செல்கள். வடிந்த நீர்மம் அடுத்து நுண்குழலுக்குள் இறங்குகிறது. அதன் முதற்பகுதியில் உள்ள செல்கள் மைட்டோகாண்ட்ரியா நிறைந்தவை, ஓயாமல் ஆற்றலைச் செலவழிப்பவை. வடிகட்டியைத் தாண்டி வந்த சிறு புரதங்களை மெகாலின், கியூபிலின் என்ற வாங்கிப் புரதங்களால் பிடித்து உள்ளிழுப்பதும் அவற்றின் வேலைதான்.

இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளாமல் மேற்கண்ட கேள்வியைக் கேட்பதில் பயனில்லை. ‘சிறுநீரகச் செல்’ என்று ஒரே செல் கிடையாது. எண்டோதீலியம் சந்திக்கும் நஞ்சும் நுண்குழல் சந்திக்கும் நஞ்சும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ரத்தமே காரணம்: மிகப் பழைய விடை

இத்தாலியின் ஃபெலிச்சே ஃபொன்டானா 18ஆம் நூற்றாண்டிலேயே விரியன் நஞ்சு ரத்தத்தின் மீது செயல்படுவதை விரிவாக ஆராய்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய தம் நூலை 1796இல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் கண்ணாடி விரியனுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1890களில் ஆஸ்திரேலியாவில் சி. ஜே. மார்ட்டினும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் ஜார்ஜ் லாம்பும், பாம்பு நஞ்சு விலங்குகளின் ரத்தக்குழாய்க்குள்ளேயே ரத்தத்தை உறையச் செய்வதைக் காட்டினார்கள். ரத்தக்குழாய் அடைபட்டால் உறுப்பு சாகும் என்ற முடிவுக்கு வர அதன்பின் அதிக தூரமில்லை.

வேதியியல் இந்த விடைக்கு உறுதி சேர்த்தது. கண்ணாடி விரியன் நஞ்சில் உள்ள ஒரு நொதி உறைவுச் சங்கிலியின் பத்தாம் காரணியை முடுக்குகிறது. இன்னொன்று ஐந்தாம் காரணியை. சுருட்டை விரியனின் எக்காரின், நேராக புரோத்ராம்பினையே வெட்டி முடுக்குகிறது. 1934இல் மேக்ஃபார்லேன் கண்ணாடி விரியன் நஞ்சை நீர்த்து, ரத்தம் உறையாமைக் குறைபாடு உள்ளவர்களின் காயத்தில் தடவி ரத்தப்போக்கை நிறுத்தினார். அந்த நஞ்சைக்கொண்டு செய்யும் ஓர் உறைவுச் சோதனை இன்றும் ஆய்வகங்களில் வழக்கத்தில் இருக்கிறது. கடிபட்ட உடலில் இந்த முடுக்கம் கட்டின்றி நடக்கிறது. ஃபைப்ரினோஜன் தீர்ந்து போகிறது, பிறகு ரத்தம் உறையவே மறுக்கிறது. கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று நம் மருத்துவமனைகளில் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். இடையில் உருவான நுண்ணிய ஃபைப்ரின் படிவுகள் குளோமெருலஸின் தந்துகிகளை அடைத்தால், கீழே உள்ள நுண்குழலுக்கும் ரத்தம் கிடைக்காது. பிரேசிலில் ஜரராக்கா எனும் குழிவிரியனின் நஞ்சை எலிகளுக்குச் செலுத்தி 1993இல் புர்த்மான் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தந்துகிகளில் ஃபைப்ரின் படிவும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்தே காணப்பட்டன.

சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணி முழுவதும் திட்டுத்திட்டாகச் செத்துப்போகும் கொடிய வடிவத்துக்கு இந்த விளக்கமே இன்றும் மிகப் பொருத்தமானது. சண்டிகரில் கிர்பால் சிங் சுக் தொகுத்த புகழ்பெற்ற திசு ஆய்வுகளில், பெரும்பான்மையோருக்கு நுண்குழல் சிதைவும், நான்கில் ஒரு பங்கினர்வரை புறணிச் சிதைவும் பதிவாயின. புறணிச் சிதைவு ஏற்பட்டால் சிறுநீரகம் முழுமையாக மீள்வது அரிது.

ஆனால் இந்த விடைக்கு மூன்று இடறல்கள் உண்டு. முதலாவது, உறைவுக் காரணிகள் தீர்ந்து போன எல்லாருக்கும் சிறுநீரகம் பழுதாவதில்லை. சுருட்டை விரியன் கடியில் ரத்தம் உறையாமை மிகக் கடுமையாக இருந்தும், சிறுநீரகப் பாதிப்பு கண்ணாடி விரியன் கடியைவிடப் பொதுவாகக் குறைவு. ஆஸ்திரேலியப் பழுப்புப் பாம்பு கடித்து ஃபைப்ரினோஜன் தீர்ந்தவர்களிலும் சிறு பகுதியினருக்கே சிறுநீரகம் செயலிழக்கிறது. இரண்டாவது, திசு ஆய்வுகளில் ஃபைப்ரின் அடைப்பு எப்போதும் தென்படுவதில்லை. உடல் அதைக் கரைத்திருக்கலாம் என்ற பதில் நியாயமானதே, ஆனால் அது சான்றின்மைக்குச் சொல்லும் சமாதானம்; சான்று ஆகாது.

மூன்றாவது இடறல் கருத்தளவிலானது. 2010இல் ஜெஃப்ரி இஸ்பிஸ்டர், பாம்புக்கடியில் நடப்பதைத் தீவிரத் தொற்றில் காணும் ‘பரவலான குழாயக உறைவு’ என்று அழைப்பதே தவறு என்று வாதிட்டார். நஞ்சு உறைவுக் காரணிகளைத் தின்று தீர்ப்பது ஒரு நிகழ்வு. தட்டணுக்கள் குறைந்து, சிவப்பணுக்கள் துண்டுகளாக உடைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் நுண்குழாய் அடைப்பு நோய் வேறொரு நிகழ்வு. முன்னது ஓரிரு நாளில் சரியாகிவிடுகிறது. பின்னது அதற்குப் பிறகும் நாட்கணக்கில் முற்றுகிறது. இந்தப் பிரிப்பு எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது, ஏனென்றால் அது கவனத்தை உறைகட்டியிலிருந்து குழாய்ச் சுவருக்குத் திருப்புகிறது. ஆயினும் எண்டோதீலியத்தை முதலில் புண்படுத்துவது எது என்பதை அது சொல்லவில்லை. வேறு வகை நுண்குழாய் அடைப்பு நோயில் வெகுவாகக் குறையும் ஆடம்ட்ஸ்13 என்ற நொதி, பாம்புக்கடியில் பெரும்பாலும் அப்படிக் குறைவதில்லை. பிளாஸ்மா மாற்று சிகிச்சை இந்தியாவிலும் இலங்கையிலும் செய்யப்படுகிறது. அதனால் சிறுநீரகம் தெளிவாகப் பயனடைகிறது என்று முறையான தொகுப்பாய்வு காட்டவில்லை.

அழுத்தமும் ஆக்சிஜனும்

தாய்லாந்தின் விசித் சித்ப்ரிஜாவும் அவர் சகாக்களும் பல பத்தாண்டுகள் வேறொரு கோணத்தை வளர்த்தெடுத்தார்கள். கண்ணாடி விரியன் நஞ்சு செலுத்தப்பட்ட நாய்களில் ரத்த அழுத்தம் விழுவதையும், பிறகு சிறுநீரகக் குழாய்கள் சுருங்கி உள்ளே போகும் ரத்தம் குறைவதையும் பாங்காக்கில் அளந்தார்கள். சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பான நிலையிலேயே மிகக் குறைந்த ஆக்சிஜனில் வேலை செய்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் அங்குள்ள நுண்குழல் செல்களால் தாங்க முடியாது. ஆற்றல் தீர்ந்த செல்லில் நடப்பவை ஓரளவு தெளிவாகத் தெரிந்தவை: சோடியத்தை வெளித்தள்ளும் பம்ப் தன் இடம் மாறுகிறது, உட்சட்டகமான ஆக்டின் குலைகிறது, மேற்பரப்பின் தூரிகை மயிர்கள் உதிர்கின்றன, செல் அடித்தளத்திலிருந்து கழன்று குழலையே அடைக்கிறது.

அழுத்தம் ஏன் விழுகிறது என்பதற்குப் பல காரணங்கள்: ரத்தப்போக்கு, தந்துகிச் சுவர் கசிவு, நஞ்சு தூண்டும் குழாய் விரிவு. ஜரராக்கா நஞ்சின் வரலாறு இங்கே தனிச்சிறப்புடையது. 1949இல் ரோச்சா இ சில்வா குழுவினர் அந்த நஞ்சின் உதவியால் பிராடிகைனினைக் கண்டுபிடித்தார்கள். பிராடிகைனினின் வலிமையைப் பெருக்கும் பெப்டைடுகளை அதே நஞ்சில் செர்ஜியோ ஃபெரெய்ரா 1965இல் அடையாளம் காட்டினார். அந்தத் தடத்தில் உருவான கேப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் வழிவந்த மருந்துகள் இன்று நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கத் தரப்படுகின்றன. ஒரே மூலக்கூறு வழி, அளவும் சூழலும் மாறும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கவும் காக்கவும் செய்கிறது.

இந்த விடையின் குறை எளிதில் தெரிவது. மருத்துவமனைக்கு வந்த பின் ஒருமுறைகூட அழுத்தம் விழாத நோயாளிகளுக்கும் சிறுநீரகம் செயலிழக்கிறது. வருவதற்கு முன் விழுந்திருக்கலாம் என்று சொல்லலாம், சரிபார்க்க வழியில்லை.

தசையும் சிவப்பணுவும் அனுப்பும் இரும்பு

1941இல், குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்ட லண்டன்வாசிகள் சில நாட்களில் சிறுநீரகம் பழுதாகி இறப்பதை பைவாட்டர்ஸும் பீலும் விவரித்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் மீது சந்தேகம் விழுந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, பினாங்கில் பணியாற்றிய அலிஸ்டர் ரீட், கடற்பாம்பு கடித்த மீனவர்களின் சிறுநீர் கருமையாவதற்கு அதே மயோகுளோபினே காரணம் என்று 1961இல் எழுதினார். தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பான காஸ்கவேல் கடியிலும், அதன் குரோட்டாக்சின் தசையைக் கரைப்பதே சிறுநீரகச் சேதத்துக்கு முதன்மைக் காரணம் என்று பிரேசில் மருத்துவர்கள் கருதுகிறார்கள். இலங்கையின் கண்ணாடி விரியனும் தசைச் சிதைவை உண்டாக்கக்கூடியது.

செல்லுக்குள் நடப்பது பெருமளவு தெரிந்திருக்கும் பகுதி இது. மயோகுளோபின் சிறிய புரதம், சுமார் 17 கிலோடால்டன். எளிதில் வடிந்து நுண்குழலுக்குள் வந்து, மெகாலின் வழியாகச் செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. அங்கே ஹீம் உடைந்து இரும்பு விடுபடுகிறது. செல்லின் தற்காப்பான ஹீம் ஆக்சிஜனேஸ் நொதியும், இரும்பைப் பூட்டிவைக்கும் ஃபெரிட்டினும் ஓரளவு தாங்குகின்றன. அந்த எல்லை தாண்டினால், இரும்பு உண்டாக்கும் வினைத்துகள்கள் சவ்வின் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்து செல்லைக் கொல்கின்றன. குழலுக்குள் எஞ்சிய மயோகுளோபின், அமிலச் சிறுநீரில் யூரோமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கட்டியாகி வழியை அடைக்கிறது. உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபின் இதோடு இன்னொரு கேடும் செய்கிறது: குழாயை விரித்துவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சி, ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணும் கண்ணாடி விரியன் கடிகளில் தசைச் சிதைவு பொதுவாக இந்த அளவுக்கு முன்னிற்பதில்லை. கடற்பாம்புக்கும் காஸ்கவேலுக்கும் முழுமையாகப் பொருந்தும் விடை, இங்கே துணைக் காரணமாகவே நிற்கிறது.

நேரடித் தாக்குதல்

1989இல் வெளியான ஒரு சோதனை இந்த விவாதத்தின் போக்கை மாற்றியது. எலியின் சிறுநீரகத்தைத் தனியே எடுத்து, செயற்கைக் கரைசலால் இயங்க வைத்து, அதில் கண்ணாடி விரியன் நஞ்சைக் கலந்தார்கள். அங்கே உறைய ரத்தமில்லை, விழ உடலின் ரத்த அழுத்தமில்லை, சிதையத் தசையில்லை. இருந்தும் நஞ்சின் அளவு கூடக்கூட வடிதிறன் குறைந்தது. சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும் திறனும் குன்றியது. குளோமெருலஸின் வடிகட்டியும் குழாய்ச் சுவர்களும் சிதைந்தன. நுண்குழல் முழுவதும் புண்பட மிக அதிக அளவு தேவைப்பட்டது. ஆய்வின் முதல் ஆசிரியர் பீட்டர் ராட்கிளிஃப், செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வெப்பமண்டல மருத்துவத்தில் பாம்புக்கடி ஆய்வின் முன்னோடியான டேவிட் வாரலும் அதில் பங்காற்றினார்.

நேரடித் தாக்குதல் சாத்தியம் என்பது அத்துடன் உறுதியானது. எந்த நஞ்சுக்கூறு எந்தச் செல்லை எப்படி என்பதைப் பின்வந்த ஆய்வுகள் தேடின. கோஸ்டா ரிகாவின் ஹோசே மரியா குட்டியெர்ரெஸ் குழுவினர் மெட்டாலோபுரோட்டியேஸ் நொதிகள் ரத்தக்குழாயை உடைப்பதை விளக்கினார்கள். நொதி முதலில் அடித்தளச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனையும் பெர்லிகனையும் வெட்டிப் பலவீனமாக்குகிறது. பிறகு ரத்த ஓட்டத்தின் விசையே சுவரைக் கிழிக்கிறது. உடலின் மற்றத் தந்துகிகளைவிட அதிக அழுத்தத்தில் இயங்கும் குளோமெருலஸுக்கு இது கூடுதலாகப் பொருந்த வேண்டும் என்று நினைக்க இடமுண்டு. பிரேசிலின் இன்னொரு குழிவிரியனான போத்ரோப்ஸ் மூஜெனியின் நஞ்சு பெற்ற எலிகளில், மெசாஞ்சியல் பகுதி கரைவதும் போடோசைட்டுகளின் கால்கள் ஒடுங்குவதும் மின்னணு நுண்ணோக்கியில் பதிவாகியுள்ளன.

நுண்குழல் பக்கம் பாஸ்போலைப்பேஸ் ஏ2 முக்கியமான சந்தேக நபர். அது சவ்வுக் கொழுப்பை வெட்டி, சவ்வைக் கரைக்கும் லைசோலிப்பிடையும், அழற்சிக்கு மூலப்பொருளான அராக்கிடோனிக் அமிலத்தையும் விடுவிக்கிறது. நஞ்சின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான எல்-அமினோ அமில ஆக்சிடேஸ், ஹைட்ரஜன் பெராக்சைடை உற்பத்தி செய்கிறது. வளர்ப்புத் தட்டில் உள்ள சிறுநீரகச் செல்களில் நஞ்சு சேர்த்தால், செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் இறுக்கமான பிணைப்புகளும் ஆக்டின் சட்டகமும் குலைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குறையும் இங்கேதான். தட்டில் ஊற்றும் நஞ்சின் அளவு பெரும்பாலும், நோயாளியின் ரத்தத்தில் அளவிடப்பட்ட செறிவைவிடப் பல மடங்கு அதிகம். பிளாஸ்மாப் புரதங்கள் நஞ்சைப் பிடித்துவைப்பதும், ஓடும் ரத்தம் அதை நீர்ப்பதும் தட்டில் நடப்பதில்லை. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடும் சிறிதல்ல. டைப்பான் பாம்பின் பாஸ்போலைப்பேஸைக்கொண்டு 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் ஒரு வாங்கிப் புரதம் அடையாளம் காணப்பட்டது. 2009இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், மனிதப் போடோசைட்டின் மேல் அமர்ந்திருக்கும் அதே புரதமே ‘மெம்பிரனஸ்’ எனும் நாட்பட்ட சிறுநீரக நோயில் நோயெதிர்ப்பு அமைப்பின் இலக்கு என்று காட்டினார்கள். கடிபட்டவரின் போடோசைட்டிலும் விரியனின் பாஸ்போலைப்பேஸ் இந்த வாங்கியைப் பற்றுகிறதா? உறுதியான சான்று இல்லை. எலிகளின் போடோசைட்டில் அந்த வாங்கி இயல்பாக இல்லாததால், எலிச் சோதனையால் இதற்கு விடை சொல்லவும் முடியாது.

உடலின் எதிர்வினை

ஐந்தாவது, மிக இளைய விடை, நஞ்சு போட்ட தீயை உடலின் அழற்சியே பரப்புகிறது என்பது. பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில் ஹெலினா மோன்டெய்ரோ குழுவினர், நஞ்சுக்கு ஆட்பட்ட மேக்ரோஃபேஜ் செல்கள் வெளியிட்ட நீர்மத்தை மட்டும் தனிச் சிறுநீரகத்தில் செலுத்தியபோதும் அதன் இயக்கம் மாறுவதைக் கண்டார்கள். இலங்கையில் பாம்பு கடித்தவர்களின் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் அமைப்பு முடுக்கப்பட்டிருப்பதை 2013இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. நுண்குழாய் அடைப்பு நோய்க்குக் காம்ப்ளிமென்ட் காரணமா, உடன்விளைவா என்பது தெளிவாகவில்லை. இந்தக் கோணத்தின் சான்று இன்னும் மெலிதானதே.

தாமதமாக எடுக்கப்படும் சாட்சியம்

இத்தனை விடைகளும் ஒன்றையொன்று வெல்ல முடியாமல் நிற்பதற்கு ஒரு பொதுக் காரணம் இருக்கிறது. கடித்த முதல் மணி நேரங்களில் மனிதச் சிறுநீரகம் எப்படி இருந்தது என்று எவரும் நேரில் பார்ப்பதில்லை. ரத்தம் உறையாதவருக்குத் திசு ஆய்வு ஊசி செலுத்துவது உயிருக்கு ஆபத்து. ஆகவே திசு எடுக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து, அதுவும் சிறுநீரகம் மீளாதவர்களிடம் மட்டும். சண்டிகர் ஆய்வுகள் உட்பட எல்லாத் தொகுப்புகளிலும் புறணிச் சிதைவின் விகிதம் இதனால் மிகைப்பட்டிருக்கக்கூடும். அதற்குள் தொற்று, பிற மருந்துகள், விஷமுறிவு மருந்தின் ஒவ்வாமை அதிர்ச்சி ஆகியவையும் தங்கள் தடங்களைப் பதித்துவிடுகின்றன.

கிரியாட்டினினும் தாமதமான சாட்சி. வடிதிறன் பெருமளவு இழந்த பிறகே அது ஏறுகிறது. அதைவிட முன்னதாக மாறும் சிஸ்டாடின் சி, என்கால், கிம்-1 முதலான குறிகாட்டிகளை இலங்கை ஆய்வாளர்கள் கண்ணாடி விரியன் கடியில் சோதித்து வருகிறார்கள். எந்தக் குறிகாட்டி முதலில் ஏறுகிறது என்பது எந்தச் செல் முதலில் அடிபடுகிறது என்பதற்கான மறைமுகத் தடயமாகும்.

மூலக்கூறின் அளவு சொல்வது

இந்த விடைகளை ஒரே வரிசையில் வைக்க உதவும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது, அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். குளோமெருலஸ் ஏறத்தாழ 60–70 கிலோடால்டனுக்கு மேற்பட்ட புரதங்களைப் பெரும்பாலும் கடக்கவிடாது. பத்தாம் காரணியை முடுக்கும் கண்ணாடி விரியன் நொதி சுமார் 90 கிலோடால்டன். அது ரத்தக்குழாய்க்குள்ளேயே இருந்தாக வேண்டும். பெரிய வகை மெட்டாலோபுரோட்டியேஸ்களும் பெரும்பாலும் அப்படியே. அவை சந்திப்பது எண்டோதீலியத்தையும் அடித்தளச் சவ்வையும்தான். பாஸ்போலைப்பேஸ் ஏ2வோ சுமார் 14 கிலோடால்டன். அது மயோகுளோபினைப் போலவே வடிந்து, அதே நுண்குழல் செல்களின் வாசலில் போய் நிற்கும். கடிபட்டவர்களின் சிறுநீரில் நஞ்சுப் புரதங்கள் கண்டறியப்பட்டிருப்பது இதற்கு ஒத்துப்போகிறது. அப்படியானால் நேரடி, மறைமுகம் என்ற பழைய பிரிவினை பாதி தவறாகக் கேட்கப்பட்ட கேள்வி. ஒரே நஞ்சின் பெரிய கூறுகள் குழாய்ப் பக்கத்தையும் சிறிய கூறுகள் குழல் பக்கத்தையும் வெவ்வேறு நேரத்தில் தாக்கலாம்.

இந்திய விஷமுறிவு மருந்து, குதிரையின் எதிர்ப்பொருளிலிருந்து வெட்டியெடுத்த, சுமார் 100 கிலோடால்டன் அளவுள்ள துண்டுகளால் ஆனது. ரத்தத்தில் சுற்றும் நஞ்சை அது பிடித்துவிடும். வடிந்து குழலுக்குள் போய்விட்ட, செல்லுக்குள் இழுக்கப்பட்ட நஞ்சை அது எட்டுவது கடினம். முழு அளவு மருந்து பெற்றும் சிலருக்குச் சிறுநீர் நிற்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

இது ஊகம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்போலைப்பேஸ்கள் இரட்டையாக இணைந்தோ பிளாஸ்மாப் புரதங்களோடு ஒட்டியோ சுற்றலாம். அப்போது அவையும் வடியாது. அடித்தளச் சவ்வு கிழிந்த பின் பெரிய கூறுகளும் உள்ளே போகலாம். ரத்தத்தில் எவ்வளவு நஞ்சு எந்த நேரத்தில் தனியாக உலவுகிறது என்பதைக் கூறு வாரியாக அளந்தால்தான் இது நிலைக்குமா என்று தெரியும்.

விடை கிடைக்காதவை

பாம்புகளே ஒன்றுபோல இல்லை என்பது இன்னொரு சிக்கல். கண்ணாடி விரியன் நஞ்சின் சேர்க்கை இந்தியாவுக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகர் குழுவினர் தொடர்ந்து காட்டி வருகிறார்கள். இந்திய விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்தது. வேறு வட்டார நஞ்சின் சிறுநீரக நச்சுக்கூறுகளை அந்த மருந்து எந்த அளவு அடக்குகிறது என்பது திறந்த கேள்வி. கூன்மூக்குக் குழிவிரியனைப் பொறுத்தவரை அந்தக் கேள்விகூட எழவில்லை. இலங்கையிலும் கேரளத்திலும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் அந்தச் சிறிய பாம்புக்கு, நான்கு பாம்புகளின் நஞ்சில் தயாராகும் இந்திய மருந்து பயன்படுவதில்லை.

மீண்டவர்கள் முழுமையாக மீண்டார்களா என்பதும் தெளிவில்லை. புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட இடங்களில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், ஒரு பகுதியினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் எஞ்சுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தச் செல்லின் அரைகுறையான சீரமைப்பு இதற்குக் காரணம் என்பது தெரியவில்லை.

சிகிச்சை வழியே விடை வரும் வாய்ப்பும் உண்டு. பாஸ்போலைப்பேஸைத் தடுக்கும் வாரெஸ்பிளாடிப், எதிர்ப்பொருளோடு ஒப்பிட மிகச் சிறிய மூலக்கூறு, வாய்வழியே தரத்தக்கது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் ஒட்டுமொத்தமாகத் தெளிவான பலன் தெரியவில்லை. விரைவில் மருந்து பெற்றவர்களிடம் பலன் இருக்கலாம் என்ற அறிகுறி மட்டும் தென்பட்டது. அந்தச் சோதனை சிறுநீரகத்தை மட்டும் மையமாக வைத்ததல்ல. அடுத்து வருபவை கண்ணாடி விரியன் கடியைத் தனியே எடுத்து, நுண்குழல் சேதத்தின் குறிகாட்டிகளை முதல் நாளிலிருந்தே அளக்க வேண்டும். பாஸ்போலைப்பேஸை மட்டும் தடுத்தபோது நுண்குழல் பிழைத்து, குளோமெருலஸ் பிழைக்கவில்லை என்றால், நூறாண்டு விவாதத்துக்கு மனித உடலிலிருந்தே ஒரு பதில் கிடைக்கும்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்ணாடி விரியன் கடியோடு வருபவர்களிடம், விஷமுறிவு மருந்துக்கு முன்பும் அதன்பின் முதல் நாளில் சில தடவையும், சில மில்லிலிட்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் அவர்கள் ஒப்புதலோடு எடுத்து உறைநிலையில் சேமிக்கலாம். இதற்கு ஊசியால் திசு எடுக்க வேண்டியதில்லை. அவசரச் சிகிச்சை ஒரு நிமிடமும் தாமதமாகாது. இத்தகைய நோயாளிகள் தொடர்ந்து வரும் தமிழ்நாட்டு, புதுச்சேரி அரசு மருத்துவக் கல்லூரிகள் இதை ஒரே நெறிமுறையில் கூட்டாகத் தொடங்க வேண்டும்.